டோலோ போட்டால் ஸ்கேனர் என்ன செய்யும்?

கேள்வி (2022 பிப்ரவரி): என் மகள் தனியார் பள்ளியில் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். பிப்ரவரி 1 முதல் நேரடி வகுப்பு. கோவையில் கொரோனா தொற்று இன்னும் முழுதாக இறங்கவில்லை; பள்ளியிலோ ஒரு கட்டுப்பாடும் ஒழுங்காக இல்லை. ஒரே அறையில் 38 பேர். கொசு வருகிறது என்று ஜன்னலை அடைத்து வைக்கிறார்கள். வேனில் இடித்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது. வாசலில் சானிடைசர் பாட்டில் எப்போதும் காலி. காய்ச்சல் பார்க்கும் ஸ்கேனரின் லட்சணத்தைக் கேளுங்கள்: திருப்புதல் தேர்வு வாரத்தில் ஒருநாள் மகளுக்கு உடம்பு கணகணவென்று இருந்தது. ஒரு டோலோ போட்டுத்தான் அனுப்பினேன். 97 என்று காட்டி உள்ளே விட்டுவிட்டார்கள்! இரண்டு நாளில் சரியாகிவிட்டது, டெஸ்ட் எடுக்கவில்லை. வீட்டில் சர்க்கரை நோயுள்ள மாமியார் இருக்கிறார். பயத்தில் முந்தின இரவே அவர் கட்டிலை மகள் அறையிலிருந்து ஹாலுக்கு மாற்றிவிட்டேன். மற்ற பெற்றோரைச் சேர்த்துக்கொண்டு பள்ளிமேல் மனு கொடுக்கலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

பதில்: மனு கொடுக்கலாம். அதில் என்ன எழுதுவது என்று பின்னால் சொல்கிறேன். முதலில் அந்த டோலோ.

பள்ளியின் ஸ்கேனர் உதவாது என்பதற்குச் சாட்சியாக அதை எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தை அனுப்புமுன் ஒருமுறை படித்துப் பார்த்தீர்களா? 650 மில்லிகிராம் பாராசிட்டமால் வயிற்றுக்குள் போன அரை மணி, முக்கால் மணியில் வேலையைத் தொடங்கும். காலை ஏழரைக்குக் கொடுத்திருப்பீர்கள். எட்டே முக்காலுக்கு வாசலில் நெற்றிக்கு நேரே ஸ்கேனரைப் பிடிக்கும்போது சூடு இறங்கித்தான் இருக்கும். அந்தக் கருவி நெற்றித் தோலின் சூட்டை அளக்கும். அளந்ததைச் சரியாகவே சொன்னது. அதை ஏமாற்ற மருந்து கொடுத்து அனுப்பிவிட்டு, ஏமாந்துவிட்டதே என்று புகார் எழுதுகிறீர்கள்.

மாத்திரை சூட்டைத்தான் இறக்கும், கிருமியைத் தொடாது. மருந்தின் வேகம் நாலிலிருந்து ஆறு மணி நேரம். அதாவது பன்னிரண்டரை வாக்கில் மறுபடி உடம்பு சுட ஆரம்பித்திருக்கும். பன்னிரண்டரைக்குப் பள்ளியில் என்ன நடக்கும்? டிபன் பாக்ஸ் திறப்பார்கள். முகக்கவசம் தாடைக்கு இறங்கும். நாலைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து ஒருத்தி டப்பாவில் இன்னொருத்தி கைவைப்பாள். கோவிட் மற்றவருக்கு அதிகம் பரவுவது அறிகுறி தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்னாலிருந்து, தெரிந்த முதல் சில நாட்கள் வரை. உடம்பு சுட்ட முதல் நாளே அவளைக் கொண்டுபோய் 37 பேர் நடுவில் உட்கார வைத்தீர்கள்.

லேசான காய்ச்சல்தானே, வெயிலாக இருக்கும், ராத்திரி கண்விழித்துப் படித்ததாக இருக்கும் என்று நினைத்திருந்தால் தவறு என்று மட்டும் சொல்லி விட்டிருப்பேன். அந்தக் கட்டில் விடமாட்டேன் என்கிறது. முந்தின இரவே மாமியார் கட்டிலை இழுத்து ஹாலில் போட்டிருக்கிறீர்கள். அப்படியானால் அது என்னவாக இருக்கலாம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. உங்கள் வீட்டுப் பெரியவருக்குக் கொடுத்த பத்தடி தூரத்தை, மகளின் பெஞ்சில் ஒட்டி உட்காரும் பெண்ணுக்குக் கொடுக்கவில்லை. அந்தப் பெண் வீட்டிலும் ஒரு பாட்டி இருப்பார். டயாலிசிஸ் போகும் தாத்தா இருக்கலாம், நிறைமாதத்தில் ஒரு சித்தி இருக்கலாம். உங்கள் மாமியார் பெரியவர், அவர்கள் யாரோ. இதுவா குடும்பத்தைக் காப்பது?

அது வெறும் சளிக் காய்ச்சலாகவும் இருந்திருக்கலாம். டெஸ்ட் எடுக்காததால் உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, அந்தப் பெஞ்சுக்காரப் பெண்ணுக்கும் தெரியாது.

மகளிடம் என்ன சொல்லி அனுப்பினீர்கள் என்று கடிதத்தில் இல்லை. "மிஸ் கேட்டா ஒண்ணுமில்லைன்னு சொல்லு" என்றிருப்பீர்கள். சொல்லாமல் இருந்திருந்தாலும் மாத்திரையைப் பார்த்தே பதினைந்து வயதுப் பெண் புரிந்துகொண்டிருப்பாள். அன்று அவளுக்கு மூச்சுத் திணறியிருந்தால்கூட வகுப்பில் வாய் திறந்திருக்க மாட்டாள். அம்மாவை மாட்டிவிட எந்தப் பிள்ளைக்கு மனசு வரும், தாயே?

ஏன் செய்தீர்கள் என்பது புரியாமல் இல்லை. 2020-ல் பத்தாம் வகுப்புத் தேர்வை ரத்து செய்தபோது காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணுக்கு 80 சதவீதமும் வருகைப் பதிவுக்கு 20 சதவீதமும் வைத்து மார்க் போட்டார்கள். 2021-ல் பிளஸ் டூ தேர்வு ரத்தானபோதும் பழைய மார்க்குகளைத்தான் தோண்டி எடுத்தார்கள். இந்த வருடமும் ரத்தானால் திருப்புதல் தேர்வு மார்க்தான் கையில் நிற்கும் என்று ஊரெல்லாம் பேச்சு. ஒரு நாளும் லீவு போடாத பிள்ளைக்கு ஆண்டு விழாவில் மேடையேற்றிச் சான்றிதழ் கொடுக்கும் பள்ளிகள் இந்தப் பயத்துக்கு எண்ணெய் ஊற்றுகின்றன. அந்தச் சான்றிதழைக் கொளுத்த வேண்டும். ஆனாலும் ஒரு தாள் போனால் மறுதேர்வு கேட்டு வாங்கலாம். இரண்டாம் திருப்புதல் வேறு இருக்கிறது.

இப்போது செய்ய வேண்டியது. இன்று மாலை பள்ளி விட்ட பிறகு வகுப்பாசிரியைக்கு ஃபோன் செய்யுங்கள். குரூப்பில் போடாதீர்கள், மகளின் பெயர் அடிபடும். "இந்தத் தேதியில் மகளுக்குக் காய்ச்சல் இருந்தது, மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டேன், டெஸ்ட் எடுக்கவில்லை. அவளைச் சுற்றி உட்கார்ந்தவர்களுக்கு ஏதாவது தொந்தரவு இருக்கிறதா?" இந்த இரண்டு வாக்கியம் போதும். அவர் கோபப்படுவார், படட்டும். மகளை இப்போது ஆர்டி-பிசிஆருக்கு இழுத்துப் போகாதீர்கள். தொற்று விலகிய பிறகும் வாரக்கணக்கில் அது பாசிட்டிவ் காட்டக்கூடும், குழப்பம்தான் மிஞ்சும். வீட்டில் வேறு யாருக்காவது தொண்டை கரகரப்போ சூடோ வந்திருந்தால் அவர்களுக்கு உடனே எடுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்.

அடுத்த தடவை உடம்பு கணகணத்தால், கையை வைத்துப் பார்ப்பதை நம்பாதீர்கள். அடுப்படியில் நின்ற கைக்கு எல்லா நெற்றியும் குளிர்ச்சியாகத்தான் தெரியும். டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வீட்டில் இருக்கட்டும். அக்குள் வியர்வையைத் துடைத்து, முனை குழியின் நடுவில் இருக்கும்படி வைத்து, கையை உடம்போடு ஒட்டி, பீப் சத்தம் வரும்வரை எடுக்காதீர்கள். பாதியில் எடுத்தால் குறைத்துக் காட்டும். வாயில் வைப்பதென்றால் காபி குடித்து அரை மணி கழித்து வையுங்கள். வாயில் 100.4 டிகிரி என்றால் காய்ச்சல். அக்குளில் அரை டிகிரி, ஒரு டிகிரி குறைவாகக் காட்டும், அங்கே 99.5 தாண்டினாலே பிள்ளை வீட்டில் இருக்கட்டும். முதலில் அளந்து, மணியோடு ஒரு சீட்டில் எழுதுங்கள். மாத்திரை அதற்குப் பிறகுதான். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

கடையில் கிடைக்கும் கோவிட் கிட்டில் நெகட்டிவ் வந்தது என்று மறுநாளே பையை மாட்டிவிடக் கூடாது. அறிகுறி இருந்து கிட் நெகட்டிவ் என்றால் ஆர்டி-பிசிஆர் எடுக்க வேண்டும் என்பதுதான் 2022-ல் இருந்த விதி. பாசிட்டிவ் வந்தால், 2022 ஜனவரியில் மத்திய சுகாதாரத் துறை சொன்ன கணக்கு: டெஸ்ட் எடுத்த நாளிலிருந்து ஏழு நாள், அதில் கடைசி மூன்று நாள் தொடர்ந்து காய்ச்சல் இருக்கக் கூடாது. அந்த மூன்று நாளும் மாத்திரை இல்லாமல் இருக்க வேண்டும். ஆறு மணிக்கொரு முறை டோலோ போட்டுக்கொண்டு "ஜுரமே இல்லை" என்று நாள் எண்ணுகிற வீடுகள் நிறைய.

மாமியார் விஷயம். கட்டிலை மாற்றியதிலும் தப்பு. ஹால்தான் வீட்டில் எல்லோரும் நடமாடும் இடம். தண்ணீர் எடுக்க, டிவி பார்க்க, கதவைத் திறக்க என்று மகளும் அந்த வழியாகத்தான் போவாள். காய்ச்சல் வந்தவரைத்தான் ஜன்னல் உள்ள அறையில் தனியே விட வேண்டும், பெரியவரை நடுக்கூடத்துக்குக் கொண்டுவரக் கூடாது. உங்கள் வீட்டில் இருவருக்கும் ஒரே அறை என்பதால் மாமியாருக்கு உங்கள் அறையைக் கொடுத்துவிட்டு நீங்களும் உங்கள் கணவரும் ஹாலில் படுத்திருக்க வேண்டும். 2022 தொடக்கத்து விதிப்படி இரண்டாவது ஊசி போட்டு ஒன்பது மாதம் ஆகியிருந்தால் அவருக்கு முன்னெச்சரிக்கை டோஸ் (மூன்றாவது ஊசி) உண்டு. 60 வயது தாண்டி இணைநோய் உள்ளவர்களுக்கு 2022 ஜனவரி 10 முதல் போட ஆரம்பித்தார்கள். மகளுக்கும் கோவாக்சின் முதல் ஊசி போட்டு 28 நாள் ஆகிவிட்டதா என்று தேதியைப் பாருங்கள். மாமியாருக்குத் தொந்தரவு தெரிந்தால் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டி ஒரு நிமிடமாவது காத்திருந்து எண்ணைப் பாருங்கள். மருதாணி, நெயில் பாலிஷ், சில்லிட்ட விரல் மூன்றும் பொய் சொல்லும். 94-க்குக் கீழே இறங்கினாலோ, ஆறு நிமிடம் வீட்டுக்குள் நடக்கவிட்டபின் மூன்று புள்ளி சரிந்தாலோ 108.

இனி மனு. சானிடைசர் பாட்டிலை முதல் வரியாக எழுதாதீர்கள். நீங்கள் சொன்னதிலேயே சின்ன விஷயம் அதுதான். குழாயடியில் சோப்பு இருந்தால் போதும். பெஞ்சுக்கு மருந்தடிக்கச் சொல்லியும் கேட்காதீர்கள், வீண் செலவு. ஆறடி இடைவெளியும் 38 பேர் உள்ள அறையில் நடக்காத காரியம். (பிப்ரவரி 19-ம் தேதி மாநகராட்சித் தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு வந்த கூட்டத்தில் யாராவது ஆறடி அளந்தார்களா?) முதல் வரி ஜன்னல். இந்த நோய் மூச்சுக் காற்றில் பரவுவது. ஜன்னலை அடைத்துவிட்டு மின்விசிறியைச் சுற்றவிட்டால் அத்தனை பேர் மூச்சும் அதே அறைக்குள் கலக்கும், வெளியே போகாது. எதிரெதிர் ஜன்னல் திறந்திருக்க வேண்டும். ஒரு பக்கம்தான் ஜன்னல் என்றால் கதவைத் திறந்து, ஒரு டேபிள் ஃபேனை ஜன்னலில் வெளிப்பக்கம் பார்த்து வைத்தால் உள்காற்றைத் தள்ளிவிடும். கொசுவுக்கு வலை அடிக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே வலை இருந்தால் விரலால் தடவிப் பாருங்கள். பல பள்ளிகளில் தூசி அப்பி வலைக்கண்ணே அடைந்திருக்கும். அந்த அறையில் காற்று ஓடுகிறதா என்று தெரிய தலைமையாசிரியர் முன்னாலேயே நடுவில் ஓர் ஊதுபத்தி ஏற்றுங்கள். புகை ஜன்னல் பக்கம் இழுத்தால் சரி. தலைக்கு மேல் அப்படியே தொங்கினால் அவருக்கே விளங்கிவிடும்.

சாப்பாடு மரத்தடியில், அல்லது வராண்டாவில் ஒரே திசை பார்த்து, இரண்டு பிரிவாக. வேனில் முன் ஜன்னல் ஒன்றும் அதற்கு எதிர்ப்பக்கம் பின் ஜன்னல் ஒன்றும் எப்போதும் திறந்திருக்க வேண்டும். முடிந்தால் இரண்டு நடை. பிள்ளை பையில் இரண்டாவது முகக்கவசம் ஒன்று இருக்கட்டும். காலையில் போட்டது மதியத்துக்குள் வியர்வையில் ஊறிவிடும், ஈரத் துணியில் மூச்சு விட முடியாமல் மூக்குக்குக் கீழே இறக்கிவிடுவார்கள். சாப்பிட்டதும் மாற்றட்டும்.

மனுவில் இன்னும் இரண்டு வரி வேண்டும். பள்ளிக்கு: காய்ச்சலால் வராத பிள்ளைக்கு மறுதேர்வு உண்டு, வருகைப் பதிவில் கைவைக்க மாட்டோம் என்று எழுத்தில் தர வேண்டும். பெற்றோர் பக்கத்தில்: காய்ச்சல் மாத்திரை கொடுத்துப் பிள்ளையை அனுப்ப மாட்டோம் என்று ஒவ்வொருவரும் கையெழுத்திட வேண்டும். முதலில் தலைமையாசிரியர்; ஒரு வாரம் பார்த்துவிட்டு முதன்மைக் கல்வி அலுவலர், அல்லது பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. கடைசியாகத்தான் கலெக்டர். கையெழுத்து வாங்கக் கிளம்பும் முன் அந்தப் பெஞ்சுக்காரப் பெண்ணின் அம்மாவைப் பார்த்து நடந்ததைச் சொல்லிவிடுங்கள்; அவர் உங்கள் காகிதத்தில் கையெழுத்துப் போடுவாரா மாட்டாரா என்பது அவர் இஷ்டம்.