கப்பலில் துணை இயந்திரங்களை இயக்கும்போது எதில் கவனமாக இருக்க வேண்டும்?

கேட்டிருப்பவர் திருத்துறைப்பூண்டிக்காரர். சரக்குக் கப்பலில் பயிற்சிப் பொறியாளராக முதல்முறை ஏறப்போகிறாராம். கப்பலை ஓட்டும் பெரிய இன்ஜினைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். ஜெனரேட்டர், பாய்லர், எண்ணெயைச் சுத்திகரிக்கும் பியூரிஃபயர், கம்ப்ரஸர் பற்றிச் சொல்ல ஆளில்லை, குடிநீர் தயாரிக்கும் இயந்திரத்தைப் பற்றியும் சொல்லுங்கள் என்கிறார்.

தம்பி, நான் மன்னார்குடிப் பக்கம். இரண்டாம் பொறியாளராக இருந்து கரையேறிவிட்டு, இப்போது பாமணி ஆற்றுப் பாசனத்தில் நெல் போட்டுக்கொண்டிருக்கிறேன். உங்கள் வீட்டு வயலில் பம்பு செட் இருந்தால் பாதிப் பாடம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

என் சித்தப்பா கதையைக் கேளுங்கள். வயலுக்கு மும்முனை மின்சாரம் முறை வைத்து வந்த காலம். நள்ளிரவில் எழுந்து வரப்பில் நடக்க முடியாது என்று மோட்டார் கொட்டகையில் ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டியிருந்தார். கரண்டு வந்தால் மோட்டார் தானே கிளம்பிவிடும். ஒரு நாள் பகலில் கரண்டு இல்லாத நேரம் பார்த்து, ஒழுகிக்கொண்டிருந்த பம்பில் கிளாண்டு கயிறு திணிக்க உட்கார்ந்தார். கரண்டு வந்துவிட்டது. ஆள்காட்டி விரலில் பாதி போயிற்று. “அது நின்றிருந்ததால்தானே கை வைத்தேன்” என்று இன்றைக்கும் சொல்வார். அதற்குப் பிறகு கொட்டகையில் எந்த வேலை என்றாலும் முதலில் மூன்று ஃபியூஸ் கட்டைகளையும் பிடுங்கி வேட்டி மடியில் கட்டிக்கொள்வது அவர் வழக்கம்.

கப்பலின் இன்ஜின் அறை என்பது ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டிய பெரிய மோட்டார் கொட்டகைதான். இன்ஜின்களைக் கிளப்பும் அழுத்தக் காற்றைச் சேர்த்துவைக்கும் புட்டியில் அழுத்தம் குறைந்தால் கம்ப்ரஸர் தானே ஓடும். மேலே சமையலறையில் ஒருவர் குழாயைத் திறந்தால் கீழே குழாய்த் தண்ணீருக்கு அழுத்தம் கொடுக்கும் ஹைட்ரோஃபோர் பம்பு கிளம்பும். ஓடும் ஜெனரேட்டர் நின்றால் ஸ்டாண்ட்பையில் இருப்பது ஸ்டார்ட் ஆகும். மின்சாரம் திரும்பியதும் முக்கியமான பம்புகள் ஒன்றன்பின் ஒன்றாக உயிர் பெறும். ஓடுகிற இயந்திரத்துக்கு எவனும் பயப்படத்தான் செய்வான். சத்தமே அவனைத் தள்ளி நிற்க வைத்துவிடும். நான் பார்த்த காயங்களில் பெரும்பாலானவை நின்றிருந்த இயந்திரத்தில் பட்டவை.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் பெருமைப்படத்தக்கது அல்ல. நான்காம் பொறியாளராக இருந்தபோது, இரண்டாம் எண் ஜெனரேட்டரில் டாப்பெட் இடைவெளி, அதாவது வால்வுகளின் இடைவெளி பார்க்கச் சொன்னார்கள். மூடிகளைக் கழற்றிவிட்டு, ஃபிளைவீலைத் திருப்பும் கம்பியை அதில் செருகினேன். அந்த நேரம் பார்த்து ஓடிக்கொண்டிருந்த மூன்றாம் எண் ட்ரிப் ஆகி நின்றது. கும்மிருட்டு. அந்த இருட்டில் என் முழங்கைக்குப் பக்கத்தில் ‘டக்’ என்று ஸ்டார்ட் வால்வு அடித்தது. சற்று நேரம் கழித்து இன்னொரு ‘டக்’. பிறகு மூன்றாவது. என் முன்னால் இருந்த இயந்திரம் மூன்று முறை கிளம்பப் பார்த்தது. தானாகக் கிளம்பும் ‘ரிமோட்’ நிலையிலிருந்து, பக்கத்தில் நின்று கிளப்பினால்தான் கிளம்பும் ‘லோக்கல்’ நிலைக்குப் பேனலில் மாற்ற நான் மறந்திருந்தேன். அது கிளம்பாததற்கு ஒரே காரணம், என்னோடு இருந்த தூத்துக்குடி மோட்டார்மேன் அண்ணன். யாரும் சொல்லாமலே ஸ்டார்ட்டிங் காற்றின் வால்வை அடைத்து, குழாயில் மிச்சமிருந்த காற்றையும் வடித்துவிட்டிருந்தார். அவசர விளக்கு எரிந்ததும் கேட்டார்: “காற்றை நான் அடைத்தேன். நீங்கள் என்ன சார் அடைத்தீர்கள்?” பதில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. 30 பார் காற்று உள்ளே போயிருந்தால் ஃபிளைவீலில் செருகிய கம்பி என்னைச் சும்மா விட்டிருக்காது.

ஆகவே ஜெனரேட்டரில் கை வைக்கும் முன் லோக்கலுக்கு மாற்றுங்கள், காற்றை அடைத்து வடியுங்கள், பிரேக்கரைப் பூட்டி அட்டை தொங்கவிடுங்கள், சாவி உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும். வேலை முடிந்து ஸ்டார்ட் செய்யும் முன் எண்ணெய் அளவு பார்த்து, சிலிண்டர்களின் சிறு திறப்புகளான இண்டிகேட்டர் காக்குகளைத் திறந்து ஒரு முறை காற்றில் சுழற்றுங்கள். தண்ணீர் தெறித்தால் ஸ்டார்ட் பட்டன் பக்கமே போகாதீர்கள். சிலிண்டருக்குள் அது எங்கிருந்து வந்தது என்று முதலில் தெரிந்தாக வேண்டும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு: தானே கிளம்பாதவை. 2024 மார்ச் 26 அன்று அமெரிக்காவின் பால்டிமோரில் ‘டாலி’ என்ற சரக்குக் கப்பல் மின்சாரம் இழந்து பாலத்தில் மோதியது நினைவிருக்கும். பாலத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஆறு பேர் இறந்தார்கள். கப்பலில் இருந்தவர்களில் பெரும்பாலோர் நம் நாட்டுக்காரர்கள். விசாரணையில் தெரிந்தது இது: ஒரு சிக்னல் ஒயரில் ஒட்டிய பெயர்ப் பட்டை தடுத்ததால் ஒயர் முனை இணைப்பில் முழுதாகச் செருகப்படவில்லை, அது நழுவியதில் முதல் இருட்டு. மின்சாரம் திரும்பியது. ஆனால் ஜெனரேட்டர்களுக்கு எரிபொருள் கொடுத்துக்கொண்டிருந்தது ஃபிளஷிங் பம்பு என்னும் வேறு வேலைக்கான பம்பு. அது தானாகத் திரும்பக் கிளம்பாது. எரிபொருள் இல்லாமல் ஜெனரேட்டர் நிற்க, இரண்டாம் இருட்டு.

எனவே ஏறிய முதல் வாரத்தில் ஒரு நோட்டில் இரண்டு பத்தி போடுங்கள். மின்சாரம் போய்த் திரும்பினால் தானே கிளம்புபவை ஒரு பக்கம், கிளம்பாதவை மறுபக்கம். கையேட்டைப் பார்த்து எழுதாதீர்கள். ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று, சுவிட்ச் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள்.

நின்றிருப்பதற்குள் மறைந்திருப்பது மின்சாரம் மட்டுமில்லை. ஓட்டத்தை இன்னொரு எண்ணெய் ஃபில்டருக்கு மாற்றிவிட்டோம், இது ஓய்வில் இருக்கிறது என்று மூடியைத் தளர்த்துவார்கள். உள்ளே அழுத்தத்தோடு கொதிக்கும் எண்ணெய் இருக்கும். அது பக்கத்துப் புகைக்குழாயில் பீச்சினால் தீதான். காற்றுப்போக்கியைத் திறந்து, அழுத்தமானி பூஜ்யம் காட்டிய பிறகும் போல்ட்டை முழுதாகக் கழற்றாமல் கொஞ்சம் மட்டும் தளர்த்திப் பாருங்கள். சூடேறி நின்ற இன்ஜினின் கிராங்க்கேஸ், அதாவது கிராங்க் தண்டு இருக்கும் அடிப்பெட்டியின் கதவை உடனே திறக்கக் கூடாது. உள்ளே இருக்கும் எண்ணெய்ப் புகைமூட்டத்துக்குத் தேவை வெளிக்காற்று ஒன்றுதான். நன்றாக ஆறும்வரை விடுங்கள். பியூரிஃபயரின் உள்ளே சுழலும் கிண்ணமான பௌல் நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுற்றுவது. சுவிட்சை அணைத்த பின்னும் வெகுநேரம் சத்தமில்லாமல் சுற்றும். முழுதாக நின்றதைக் கண்ணால் பார்த்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும். திரும்ப மாட்டும்போது பாகங்களில் உள்ள குறிகள் நேருக்கு நேர் வர வேண்டும். கம்ப்ரஸரைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை: தண்ணீரையும் எண்ணெயையும் தினமும் வடியுங்கள்.

பாய்லர்தான் எனக்கு இன்றும் பயம். தீப்பிடிக்கவில்லை என்றால் ரீசெட்டை அழுத்தி அழுத்திப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. ஒவ்வொரு முயற்சியிலும் கொஞ்சம் எண்ணெய் அடுப்புக்குள் சேர்கிறது. கடைசியில் பற்றும்போது அத்தனையும் சேர்ந்து பற்றும். ஒரு கப்பலில், தீ இருக்கிறது என்று பாய்லரை ஏமாற்ற தீ எரிகிறதா என்று கண்காணிக்கும் ஃபிளேம் ஐயின் முன் டார்ச் விளக்கைக் காட்டியவரைப் பார்த்தேன். நான் அங்கிருந்து நகர்ந்துவிட்டேன், தடுத்திருக்க வேண்டும். இரண்டு முறை தவறினால் நிறுத்துங்கள். அடுப்புக்குள் எட்டிப் பார்த்து, தேங்கிய எண்ணெயைத் துடைத்து, விசிறியை நன்றாக ஓடவிட்டு, தவறியதன் காரணத்தைக் கண்டுபிடித்த பிறகே அடுத்த முயற்சி.

குடிநீர் இயந்திரத்துக்கு வருகிறேன். அது கடல்நீரை வெற்றிடத்தில், ஏறக்குறைய 50 டிகிரியிலேயே கொதிக்க வைக்கிறது. பெரிய இன்ஜினைக் குளிரவைத்த சுடுநீரின் வெப்பமே அதற்குப் போதும். ஆனால் நம் வீட்டில் கொதிக்கவைத்த தண்ணீர் போல அதை நினைக்காதீர்கள். அந்தச் சூட்டில் கிருமி சாகாது. அதனால்தான் கரையிலிருந்து 20 கடல் மைலுக்குள் அதை ஓட்டுவதில்லை என்பது வழக்கம். ஆற்று முகத்துவாரங்களின் சாக்கடை கலக்கும் தூரம் அது. கரை நெருங்கும்போது மேல்தளத்திலிருந்து நேரம் கேட்டு, அதற்கு முன்பே நிறுத்துங்கள். நிறுத்தியதும் சுடுநீர் வால்வுகளை ஒரேயடியாக அடைக்காமல், அந்த நீர் இதற்குள் வராமல் போகும் மாற்றுவழியான பைபாஸைத் திறந்துகொண்டே மெல்ல அடையுங்கள். இல்லாவிட்டால் பெரிய இன்ஜினின் தண்ணீர்ச் சூடு ஏறி அலாரம் அடிக்கும், தலைமைப் பொறியாளர் தூக்கம் கலைந்து இறங்கி வருவார்.