பனிச்சாலையில் காவலர்கள் நம்மைவிட நன்றாக ஓட்டுகிறார்களா?

"பனிக்காலத்தில் காவலர்கள் மற்றவர்களைவிடத் திறமையாக வண்டி ஓட்டுவார்களா? பனி கொட்டும்போது ரோந்து வண்டியின் பின்னாலேயே போனால் பாதுகாப்பா?" என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்வி மட்டும் இருந்திருந்தால் படித்துவிட்டுக் கடந்திருப்பேன். இரண்டாவதுதான் என்னை எழுத உட்கார வைத்தது. பனி பொழியும் நாட்டுக்கு நீங்கள் அண்மையில் வந்திருக்கிறீர்கள், முதல் குளிர்காலத்தில் நெடுஞ்சாலையில் பயந்து பயந்து ஓட்டிக்கொண்டிருந்தபோது ஒரு ரோந்து வண்டி உங்களைத் தாண்டிச் சென்றிருக்கிறது, அதையே துணையாகப் பற்றிக்கொள்ளலாம் என்று தோன்றியிருக்கிறது என ஊகிக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். அந்த வேகம் அவருடைய வண்டிக்கும் அவருடைய அவசரத்துக்கும் உரியது; அவருக்கே அது பல நேரங்களில் பொருந்துவதில்லை.

நான் விபத்தில் சிக்கிய வண்டிகளை இழுத்துச் செல்லும் இழுவை வண்டியின் ஓட்டுநர். குளிர்கால இரவுகளில் காவலர்களோடு ஒரே சாலையோரத்தில் நின்று வேலை செய்பவன். அவர்களுடைய வண்டிகளையே பள்ளத்திலிருந்து வெளியே எடுத்திருக்கிறேன். காவலர்கள் கூப்பிட்டால்தான் இவனுக்குப் பிழைப்பு, ஆகவே அவர்களுக்குப் பரிந்துதான் பேசுவான் என்று யாராவது சொல்லக்கூடும். சொல்லட்டும். அவர்களைக் குறை கூறினால் நன்றி கெட்டவன் என்று இன்னொருவர் சொல்வார். நான் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

அவர்களில் மிகச் சிறப்பாக ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அவர்களை அப்படி ஆக்கியது பயிற்சிக் கூடம் அன்று. காவலர்களுக்கு வண்டி ஓட்டும் பயிற்சி என்றால் பெரும்பாலும் துரத்துவது, வேகமாக வளைவது, குறுகிய இடத்தில் திருப்புவது ஆகியவைதாம். வழுக்கலுக்கென்று தனியாக நீர் தெளித்த வழவழப்பான தளத்தில் ஓட்டச் சொல்வார்கள், அல்லது வண்டியின் அடியில் ஓர் இரும்புச் சட்டகத்தைப் பொருத்தி, டயர்கள் தரையைப் பற்றும் அளவைக் குறைத்துச் சறுக்கவிடுவார்கள். சறுக்கத் தொடங்கிய வண்டியை ஸ்டீயரிங்கால் நேராக்க அது நன்றாகவே கற்றுக்கொடுக்கிறது. சறுக்கும் நிலைக்கே போகாமல் இருப்பது எப்படி என்பதை அதில் கற்க முடியாது. நார்வேயிலும் ஸ்வீடனிலும் வழுக்கும் சாலையில் ஓட்டும் பாடம் சாதாரண ஓட்டுநர் உரிமத்துக்கே கட்டாயம். ஆகவே அங்கே காவல் பணியில் சேருபவர் அந்த அடிப்படையோடுதான் வருகிறார். மற்ற பல இடங்களில் ஒருவர் பணியில் சேர்ந்த பின்பு, இரவுப் பணியில், தனியாகத்தான் அதைக் கற்றுக்கொள்கிறார்.

அப்படிக் கற்றுக்கொண்ட ஒருவரையும் இன்னும் கற்றுக்கொள்ளாத ஒருவரையும் ஒரே இரவில் பார்த்தேன். வெப்பநிலை சுழியத்தை ஒட்டி நின்றது. மழையாகத் தொடங்கியது தரையில் விழுந்தவுடன் உறைந்துகொண்டிருந்தது. கடுங்குளிரில்தான் சாலை அதிகம் வழுக்கும் என்று புதியவர்கள் நினைப்பார்கள், ஆனால் நிலைமை நேர்மாறானது. கழித்தல் 20 பாகை செல்சியஸில் பனிக்கட்டி ஓரளவு சொரசொரப்பாக நடந்துகொள்ளும். சுழியத்துக்கு அருகில்தான் அதன் மேற்பரப்பில் ஈரம் படர்ந்து, சக்கரத்துக்குப் பிடியே கிடைக்காது. அந்த இரவில் ஆற்றுப் பாலம் ஒன்றின் மேல் ஒரு சிறிய கார் சுழன்று நடுத் தடுப்பில் மோதி நின்றது. ஓட்டியவருக்கு அடி எதுவும் இல்லை. பாலத்தைத் தாண்டி என் வண்டியை நிறுத்திவிட்டுக் காவலர்களுக்காகக் காத்திருந்தேன்.

முதலில் வந்தவர் இளைஞர். சுழல்விளக்கும் சைரனுமாக வந்தார். நெடுஞ்சாலையில் பனி உறையாதிருக்க உப்பு தூவியிருந்ததால் அதுவரை அவருக்கு எந்தத் தடங்கலும் இருந்திருக்காது. ஆனால் பாலத்துக்கு மேலும் கீழும் குளிர்க்காற்று, அடியில் வெதுவெதுப்பைத் தாங்கி வைத்திருக்கும் மண் கிடையாது. சாலையின் மற்றப் பகுதிகளுக்கு முன்பே அது உறைந்துவிடும். பாலத்தின் மேல் காரைக் கண்டதும் பிரேக்கை அழுத்தினார். ஏபிஎஸ் தன் வேலையைச் செய்தது. சக்கரங்கள் பூட்டிக்கொள்ளவில்லை, ஸ்டீயரிங் திரும்பியது, ஆனால் வண்டி மட்டும் திரும்பாமல் நேரே வழுக்கிச் சென்று பக்கத் தடுப்புக் கம்பியில் உராய்ந்து நின்றது. விபத்துக் கார் இருந்த பக்கத்துக்கு அது போகாதது அவருடைய நல்வினை. அவரை முட்டாள் என்று நான் சொல்லமாட்டேன். உள்ளே ஒருவர் காயப்பட்டிருக்கலாம் என்ற எண்ணத்தில்தான் அவர் விரைந்து வந்தார். வீட்டுக்குச் சீக்கிரம் போகவேண்டும் என்பதைவிட அது மேலான காரணம்.

இரண்டாவதாக வந்தவர் நரைத்த மீசைக்காரர். அவருடைய விளக்கு தொலைவில் தெரிந்தபின் வெகுநேரம் கழித்தே அவர் வந்து சேர்ந்தார். எனக்கே பொறுமை போய்விட்டது. பாலத்துக்கு நன்றாக முன்பே, சாலையை மறைக்கும்படி வண்டியைச் சாய்வாக நிறுத்தி, முன்சக்கரங்களை வெளிப்புறமாகத் திருப்பி வைத்தார். பின்னால் வரும் வண்டி மோதினால் காவல் வண்டி நாங்கள் நிற்கும் இடத்தை நோக்கி நேராகத் தள்ளப்படக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்வார்கள். இறங்கியதும் முதல் வேலையாகப் பின்விளக்குகளின் மேல் படிந்த பனியைக் கையால் துடைத்தார். பழைய விளக்குகளின் சூட்டில் பனி தானாக உருகிவிடும். இப்போதைய எல்இடி விளக்குகளுக்கு முன்பக்கம் அந்தச் சூடு இல்லாததால் பனி அப்பிக்கொண்டு, விளக்கு எரிந்தும் வெளியே தெரிவதில்லை. பிறகு நடந்து வந்து இளைஞரிடம், "பாலம் வருவது உனக்கு எப்போது தெரிந்தது?" என்று கேட்டார். "பலகையைப் பார்த்தபோது, சார்." "அங்கேயே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்திருக்க வேண்டும். பாலத்தின் மேல் பிரேக்கைத் தொடுவதற்குத் தேவையே வந்திருக்கக் கூடாது." அவ்வளவுதான் பேசினார். அந்தக் காரை நான் ஏற்றிக் கொண்டுபோகும்வரை இருவரும் சேர்ந்துதான் போக்குவரத்தை மறித்து நின்றார்கள்.

கணக்குப் பார்த்தாலும் அவர் சொன்னதே சரி. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் உலர்ந்த தார்ச்சாலையில் பிரேக்கை அழுத்திய இடத்திலிருந்து சுமார் 50 மீட்டரில் நிற்கும். இறுகிய பனியில் அதற்கு 150 மீட்டருக்கு மேல் வேண்டும். வழுவழுப்பான பனிக்கட்டியில் 400 மீட்டரை நெருங்கும். சுழல்விளக்கு எரிந்தாலும் இந்தத் தூரம் குறையாது. வட அமெரிக்கக் காவல் துறைகளில் நெடுங்காலம் ஓடிய ஃபோர்டு கிரவுன் விக்டோரியா பின்சக்கர இயக்க வண்டி. பனி பெய்தால், பின்சக்கரங்களுக்குப் பிடி கிடைக்கப் பின்பெட்டியில் மணல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு அதைத் திட்டிக்கொண்டே ஓட்டினார்கள். 2011-இல் அதன் உற்பத்தி நின்றபின் நான்கு சக்கர இயக்க வண்டிகள் பரவலாகிவிட்டன. என் கண்ணோட்டத்தில் இவற்றால் வந்த ஆபத்தும் உண்டு. நான்கு சக்கர இயக்கம் வண்டியைப் பனியில் அழகாகக் கிளப்பிவிடும். நிறுத்துவதற்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. கிளம்பும்போது சக்கரம் வழுக்கி நின்ற இடத்திலேயே சுழலாததால், சாலை எவ்வளவு வழுக்குகிறது என்ற எச்சரிக்கை ஓட்டுபவருக்குக் கிடைப்பதே இல்லை. டயர் விஷயம் இன்னும் மோசம். ஏறக்குறைய 7 பாகைக்குக் கீழே சாதாரண டயரின் ரப்பர் இறுகிப் பிடிமானத்தை இழக்கத் தொடங்கும். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம். அத்தகைய கட்டாயம் இல்லாத பல இடங்களில், அதிவேகத் துரத்தலுக்கென்று தேர்ந்தெடுத்த டயரையே காவல் வண்டிகள் ஆண்டு முழுவதும் அணிந்திருக்கின்றன. ஆகவே நல்ல குளிர்கால டயர் மாட்டிய உங்கள் சிறிய கார், உங்களுக்கு முன்னால் போகும் ரோந்து வண்டியைவிட முன்னதாக நிற்கக்கூடும். பின்தொடர்வதில் உள்ள வேடிக்கையும் அதுதான்.

காவல் வண்டி பள்ளத்தில் கிடக்கும் காணொளிகளைப் பார்த்துச் சிரிப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பனிப்புயலன்று வீட்டிலேயே இருங்கள் என்று அறிவிப்பு வரும். அது காவலருக்குப் பொருந்தாது. மற்றவர்கள் சறுக்கிய இடத்துக்கே அவர் போயாக வேண்டும். நாள் முழுவதும் அத்தகைய இடங்களிலேயே நிற்பவருடைய வண்டி அடிபடுவதை வைத்து மட்டும் அவருடைய திறமையை அளப்பது நியாயமாகாது.

அதே சாலையோரத்தில் நாங்களும் நிற்கிறோம் என்பது மட்டும் யாருக்கும் நினைவில் இருப்பதில்லை. காவலரின் விளக்கைக் கண்டால் வேகத்தைக் குறைத்து அடுத்த தடத்துக்கு விலகுபவர்கள், எங்கள் மஞ்சள் விளக்கைக் கண்டால் அப்படியே உரசிக்கொண்டு போகிறார்கள். கனடாவின் இன்னொரு மாகாணமான ஒன்டாரியோவில் இப்படி விலகிச் செல்லச் சொல்லும் சட்டம் 2003-இல் அவசர வண்டிகளுக்காக வந்தது. இழுவை வண்டிகளை அதில் சேர்த்தது 2015-இல்தான். இடையிலிருந்த ஆண்டுகளில் எங்கள் முதுகெலும்பு இரும்பாலானது என்று எண்ணிவிட்டார்கள் போலும். உங்கள் கேள்விக்கு இது நேரடியாகத் தொடர்பில்லாததுதான். ஆனால் அடுத்த முறை மஞ்சள் விளக்கைப் பார்த்தாலும் சற்று விலகிச் செல்லுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்துவிடுகிறேன். ரோந்து வண்டி உங்களுக்குப் பின்னால் விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தால் பதறிப்போய்ப் பிரேக்கை மிதிக்காதீர்கள். அவராலும் உடனே நிறுத்த முடியாது. ஓரத்திலுள்ள பனிக்குவியலுக்குள் வண்டியைத் திருப்பவும் கூடாது, அதன் கீழே பள்ளம் இருக்கலாம். இண்டிகேட்டரைப் போட்டு, வேகத்தை மெல்லக் குறைத்து, பனி அகற்றிய அகலமான இடமோ வெளியேறும் வழியோ வரும்வரை சென்று நில்லுங்கள். நீங்கள் நிற்கத்தான் போகிறீர்கள் என்பதை அவர் இண்டிகேட்டரைப் பார்த்தே புரிந்துகொள்வார்.