ஆய்வு முடிவுகளைத் தெளிவாக எழுதவும் மேடையில் பேசவும் எப்படிப் பழகுவது?

ஆராய்ச்சி மாணவரான உங்களுக்கு முடிவுகள் நன்றாக வந்தும், கட்டுரையிலும் கருத்தரங்கிலும் அவை எடுபடவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். ஆங்கிலம் போதாது, மேடைக் கூச்சம் என்றுதான் பலரும் காரணம் சொல்வார்கள். மாணவர்களின் வரைவுகளைப் படித்துத் திருத்தும்போது நான் அதிகம் காண்பது வேறு. முக்கியமான விஷயம் இருக்கும், ஆனால் கண்ணில் படாத இடத்தில் இருக்கும்.

இதற்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம் கொலம்பியா விண்கலம். 2003 ஜனவரி 16 அன்று அது கிளம்பிய ஒன்றரை நிமிடத்துக்குள், எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத் துண்டு ஒன்று இடது இறக்கையில் மோதியது. கலம் சுற்றுப்பாதையில் இருக்கும்போதே போயிங் பொறியாளர்கள் சேதத்தைக் கணித்து நாசாவுக்கு ஸ்லைடுகளாகக் கொடுத்தார்கள். அதில் ஒரு ஸ்லைடின் தலைப்பைப் படித்தால், பழைய சோதனைகளை வைத்துப் பார்க்கையில் பயப்பட ஒன்றுமில்லை என்றே தோன்றும். அதே ஸ்லைடின் அடியில், உள்தள்ளிய சின்ன எழுத்தில் இருந்தது உண்மையான செய்தி: சோதனையில் பயன்படுத்திய துண்டு 3 கன அங்குலம், மோதியதாக மதிப்பிட்டது 1920 கன அங்குலம்.

அதாவது 640 மடங்கு. அந்த வகுத்தலைக்கூடப் படிப்பவரிடமே விட்டுவிட்டார்கள். சோதித்தது அரை டம்ளர் டீ அளவு, மோதியது ஒன்றரைத் தண்ணீர் கேன் அளவு என்று சொன்னால் யாருக்குத்தான் புரியாது? பிப்ரவரி 1 அன்று பூமிக்குத் திரும்பும் வழியில் கலம் சிதறி, கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரும் இறந்தார்கள். ஒரு ஸ்லைடால்தான் இது நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் இதைப் படிக்கும் மூத்த அதிகாரிக்கு, உயிர் போகும் விஷயம் என்றே உறைக்காமல் போகலாம் என்று விசாரணைக் குழுவின் அறிக்கையே சொன்னது.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? 'முடிவுகள்', 'விவாதம்' என்று ஸ்லைடுக்குத் தலைப்பு வைக்காதீர்கள். கண்டுபிடித்ததை முழு வாக்கியமாக மேலேயே எழுதுங்கள். அப்புறம் தலைப்புகளை மட்டும் வரிசையாகப் படித்துப் பாருங்கள். கதை விளங்க வேண்டும். கட்டுரையிலும் ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தை இப்படியே சோதிக்கலாம். உங்கள் முடிவு எங்கே செல்லாது என்பதை அந்த முடிவுக்குப் பக்கத்திலேயே சொல்லுங்கள். கடைசி ஸ்லைடுக்குத் தள்ளாதீர்கள். இரண்டு எண்களைக் கொடுத்தால் எத்தனை மடங்கு என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

பேச்சு பழக்கத்தால் வருவதுதான். புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் வேலை கற்று, பின்னாளில் மின்சார ஆய்வில் பெயர்பெற்ற விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே பிறவிப் பேச்சாளர் அல்ல. பேச்சுப் பயிற்சிக்கு ஆசிரியர் வைத்துக்கொண்டார். நண்பர் ஒருவரைத் தன் உரையில் உட்காரவைத்துக் குறைகளைக் குறிக்கச் சொன்னார். வேகமாகப் போகாமலிருக்க 'மெதுவாக' என்று எழுதிய அட்டையை எதிரில் வைத்துக்கொண்டார். லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் சிறுவர்களுக்கான கிறிஸ்துமஸ் உரைத்தொடரைப் பத்தொன்பது முறை நடத்தியவர் அவர்.

உங்களுக்கும் அப்படி ஓர் ஆள் வேண்டும், உங்கள் துறைக்கு வெளியே இருந்தால் இன்னும் நல்லது. ஆய்வை அவரிடம் தமிழிலேயே ஐந்து நிமிடம் சொல்லுங்கள். 'புரிந்ததா?' என்று கேட்காதீர்கள், மரியாதைக்குத் தலையாட்டிவிடுவார். அவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். எங்கே தடுமாறுகிறாரோ, உங்கள் வரைவில் முதலில் அந்த இடத்தைத் திருத்துங்கள்.