கார் ஷோரூமுக்குப் போகும் முன்: கடலூர், புதுச்சேரி வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

கார் விற்பனையகத்தில் நெடுங்காலம் பணியாற்றிவிட்டு, இப்போது வாங்குவோருக்கு ஆலோசனை சொல்லிவரும் ஒருவர் பதில் அளிக்கிறார்.

கேள்வி (மஞ்சக்குப்பம், ஆசிரியை): ஐயா, இது எங்கள் முதல் கார். அடுத்த வாரம் ஷோரூமுக்குப் போகிறோம். எப்படித் தயாராவது?

பதில்: அம்மா, முதல் நாள் முன்பணம் எடுத்துச் செல்லாதீர்கள். அன்று உங்களுக்கு வேண்டியது முத்திரையிட்ட கொட்டேஷன் மட்டும்தான். எக்ஸ் ஷோரூம் விலை (சாலை வரி, பதிவு, காப்பீடு சேராத வண்டி விலை), சாலை வரி, பதிவுக் கட்டணம், காப்பீடு, ஃபாஸ்டேக், ஆக்சசரீஸ் எல்லாம் அதில் தனித்தனியாக இருக்க வேண்டும். ‘எல்லாம் சேர்த்து இவ்வளவு’ என்று விசிட்டிங் கார்டின் பின்புறம் எழுதித் தருவார்கள். அதை வாங்கிக்கொண்டு வராதீர்கள். நாளைக்கு எந்தத் தொகை எங்கே ஏறியது என்று உங்களால் கேட்கவே முடியாது.

‘ஹேண்ட்லிங் சார்ஜ்’ என்றொரு தொகை போட்டிருந்தால், வண்டியைக் கடைவரை கொண்டுவந்த செலவு எக்ஸ் ஷோரூம் விலையிலேயே அடங்கிவிட்டது என்று சொல்லி நீக்கச் சொல்லுங்கள். குரலை உயர்த்த வேண்டாம். பேனாவை நீட்டினால் போதும், பெரும்பாலும் அடித்துவிடுவார்கள்.

தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் ஆயுட்கால வரி (மேலே சொன்ன சாலை வரி) கார் விலை 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. பத்து லட்சத்தை ஒட்டி நிற்கும் மாடல் என்றால், ஒரு படி மேலே போகும்போது வரி மட்டும் அரை லட்சம் கூடிவிடும். கூரைக் கண்ணாடி (சன்ரூஃப்) போன்ற ஒரு வசதிக்காக அதைக் கொடுக்கலாமா என்று வீட்டிலேயே பேசி முடிவெடுத்துவிட்டுப் போங்கள். பத்து லட்சத்துக்கு மேலான காருக்கு 1 சதவீத டி.சி.எஸ். (விற்பவர் வசூலித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி) பிடிப்பார்கள். அது செலவன்று, வருமான வரிக் கணக்கில் திரும்பக் கோரலாம்.

கேள்வி (கோண்டூர்): அண்ணா, புதுச்சேரியில் சாலை வரி குறைவு. முத்தியால்பேட்டையில் இருக்கும் சித்தப்பா முகவரியில் பதிவு செய்யலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 40ஆம் பிரிவுப்படி, நீங்கள் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்தில், வண்டியை வழக்கமாக நிறுத்தும் மாநிலத்தின் பதிவு அலுவலகத்தில்தான் பதிவு செய்ய வேண்டும். இப்படிப் புதுச்சேரி முகவரி காட்டிப் பதிந்த கார்கள் 2017இல் கேரளத்தில் வழக்குவரை போயின. மேலும், வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புதிய பதிவெண் வாங்கி வரி கட்டித்தான் ஆக வேண்டும்.

ஆனால் புதுச்சேரி ஷோரூமில் வாங்குவதில் தடையே இல்லை. தற்காலிகப் பதிவுடன் ஓட்டிவந்து கடலூரில் டி.என். 31 பதிவெண் வாங்கிக்கொள்ளலாம். வரி மிச்சமாகாது, தள்ளுபடி வேறுபடலாம். இரண்டு ஊர்க் கொட்டேஷனையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

கேள்வி (நெல்லிக்குப்பம்): ஆடியில் வாங்கினால் மலிவு என்கிறார்களே, உண்மையா?

பதில்: ஆடியிலும் மார்கழியிலும் நம் பக்கம் வண்டி எடுக்கத் தயங்குவார்கள்; அதனால் பேரத்துக்கு இடம் உண்டு. மார்கழியில் கூடுதலாக, ஆண்டு முடிவதற்குள் இருப்பைத் தள்ள வேண்டிய நெருக்கடியும் அவர்களுக்கு இருக்கும். நாள் பார்ப்பவர் என்றால் மார்கழியில் விலை பேசித் தையில் டெலிவரி எடுங்கள். ஒன்றில் மட்டும் விழிப்பாக இருங்கள்: தையில் உங்களுக்கு வருவது சென்ற ஆண்டு தயாரித்த வண்டியாக இருக்கலாம். விற்கும்போது தயாரிப்பு ஆண்டைத்தான் பார்ப்பார்கள். தயாரிப்பு மாதமும் ஆண்டும் புக்கிங் படிவத்திலேயே எழுதப்பட வேண்டும்.

கேள்வி (வில்லியனூர்): ஷோரூமிலேயே 7 சதவீத வட்டிக்குக் கடன் தருகிறார்களாம். வங்கியில் 9 சதவீதம். எது நல்லது?

பதில்: அந்த 7 ‘ஃபிளாட்’ வட்டியா, அதாவது அசல் குறைந்தாலும் முதலில் வாங்கிய முழுத் தொகைக்கே கடைசிவரை போடும் வட்டியா என்று கேளுங்கள். 6 லட்சம், 5 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். ஃபிளாட் 7 சதவீதத்தில் மாதத் தவணை 13,500 ரூபாய். குறையும் அசலுக்கு வட்டி போடும் வங்கியில் 9 சதவீதம் என்றால் தவணை சுமார் 12,455. ஐந்து ஆண்டில் வேறுபாடு 62,000 ரூபாய்க்கு மேல்! அந்த 7, உண்மையில் பன்னிரண்டரையை ஒட்டிய வட்டி. சதவீதத்தை விட்டுவிட்டு, தவணைத் தொகையையும் முன்கூட்டியே அடைத்தால் உள்ள கட்டணத்தையும் கேளுங்கள்.

கேள்வி (குண்டு உப்பலவாடி): காப்பீட்டை அவர்களிடமே எடுக்க வேண்டும் என்கிறார்கள். எங்கள் பகுதியில் வெள்ளம் வேறு வருகிறது.

பதில்: கட்டாயமில்லை. எந்த நிறுவனத்திலும் நீங்களே எடுக்கலாம். புதிய காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு (உங்கள் வண்டியால் பிறருக்கு ஏற்படும் பாதிப்புக்கானது) 3 ஆண்டுகளுக்கு வேண்டும். சொந்தச் சேதத்துக்கானதை ஓராண்டுக்கு எடுத்தால் போதும். பழைய காரை விற்றிருந்தால், இழப்பீடு கோராததற்கான போனஸ் சான்றிதழை வாங்கிப் புதிய காருக்குக் காப்பீடு எடுக்கும் நிறுவனத்திடம் கொடுங்கள், சொந்தச் சேதக் காப்பீட்டில் 50 சதவீதம் வரை குறையும்.

உங்கள் ஊருக்கு ‘என்ஜின் பாதுகாப்பு’ கூடுதல் காப்பீடு அவசியம் என்பேன். 2024இல் ஃபெஞ்சல் புயலை அடுத்துத் தென்பெண்ணை கரை மீறியது உங்களுக்குத்தான் தெரியுமே. சாதாரண காப்பீடு வெள்ளச் சேதத்தை ஏற்கும். ஆனால் நீரில் நின்ற வண்டியைச் சாவி போட்டு முடுக்கியதால் என்ஜின் போனால் ஏற்காது. தண்ணீர் வடிந்ததும் ஸ்டார்ட் செய்து பார்க்கும் ஆசையை அடக்கி, வண்டியை இழுத்துச் செல்லும் வாகனத்துக்குச் சொல்லுங்கள்.

கேள்வி (திருப்பாப்புலியூர்): டெஸ்ட் டிரைவில் என்ன பார்க்க வேண்டும்?

பதில்: ஷோரூம்காரர் நல்ல சாலையில்தான் அழைத்துப் போவார். உங்கள் தெருவரை ஓட்டிவரக் கேளுங்கள். பாடலீஸ்வரர் கோயிலைச் சுற்றியுள்ள நெரிசலில் திரும்புமா என்று அங்கேதான் தெரியும். அம்மாவையோ மாமியாரையோ பின்னிருக்கையில் ஏறி இறங்கச் சொல்லுங்கள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கினால், வேறு மாடல் பாருங்கள்.

கேள்வி (அரியாங்குப்பம்): பணம் கட்டிவிட்டேன். டெலிவரி அன்று பார்த்துக்கொள்ளலாமா?

பதில்: பதிவுக்கு முன்பே பாருங்கள். பதிவான பிறகு குறை கண்டால் மாற்று வண்டி கேட்பது கடினம். பகல் வெளிச்சத்தில் போங்கள், விளக்கொளியில் பெயின்ட் குறை தெரியாது. டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும்: 3225 என்றால் 2025ஆம் ஆண்டின் 32ஆவது வாரம். ஐந்து டயரும் ஏறத்தாழ ஒரே காலத்தவையா என்று பாருங்கள். ஸ்டெப்னியைப் பார்க்காமல் விடுபவர்கள்தான் அதிகம். சேஸிஸ் எண்ணை (வண்டியில் பொறித்திருக்கும் அடையாள எண்) இன்வாய்ஸோடு ஒப்பிட்டு, எண் தெரியும்படி ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு பதிவுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.