வாசகர் கேள்வி: வெப்பப் பம்புக்குச் சூரியன் துணை தேவையா?

கேள்வி: ஒட்டாவாவில் நாங்கள் கட்டவிருக்கும் 120 சதுர மீட்டர் வீட்டின் சுவர்களுக்கும் கூரைக்கும் கூடுதல் வெப்பக்காப்பு உண்டு. சூரிய வெப்பத்தின் துணையோடு இயங்கும் வெப்பப் பம்பையும் பொருத்தலாம் என்கிறார் வடிவமைப்பாளர். அந்தச் செலவு மின்கட்டணத்தில் திரும்பி வருமா?

பதில்: வெப்பப் பம்பு, வெளியே தாழ்ந்த வெப்பநிலையில் கிடக்கும் வெப்பத்தை எடுத்து, வீட்டுக்கு வேண்டிய அளவுக்கு உயர்த்தித் தருகிறது, அந்த ஏற்றம் குறையக் குறைய மின்சாரம் மிச்சமாகும். வெளிக்காற்று மைனஸ் 15 பாகையாகவும் வீட்டுக்குத் தேவையான நீர் 45 பாகையாகவும் இருந்தால், ஒரு யூனிட் மின்சாரத்துக்குக் கோட்பாட்டளவில் 5.3 யூனிட் வெப்பம் கிடைக்கும். வெயிலால் திரவத்தைச் சூடாக்கும் சூரியச் சேகரிப்பானிலிருந்து 5 பாகையில் திரவம் வந்தால் அது ஏறத்தாழ 8 ஆகும். நடைமுறையில் இவற்றில் பாதி கிடைத்தாலே நல்லது என்றாலும், துணையின் பயன் உண்மைதான். மங்கிய வெயிலிலும் 5 பாகைத் திரவத்தைத் தருவது சேகரிப்பானுக்குக் கடினமன்று.

ஆனால் வீடு எவ்வளவு நன்றாகக் காப்பிடப்படுகிறதோ, அவ்வளவுக்கு இந்தத் துணையால் மிஞ்சுவது சுருங்கிவிடும். மிகக் குறைந்த வெப்பத்தில் இயங்கும் வீடுகளுக்கென ஜெர்மனியில் உருவான பாசிவ்ஹவுஸ் நெறி, ஆண்டுக்குச் சதுர மீட்டருக்கு 15 யூனிட் வெப்பத்தையே அனுமதிக்கிறது. ஒட்டாவாவின் குளிரில் அதை எட்டுவது எளிதன்று. எட்டினால் உங்கள் வீட்டுக்கு 1,800 யூனிட் வெப்பம் போதும். பம்பின் ஆண்டுச் சராசரித் திறன் 3 என்றால், அதாவது ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 3 யூனிட் வெப்பம் என்றால், மின்சாரம் 600 யூனிட். சூரியத் துணையால் திறன் 4 ஆக உயர்ந்தாலும் 450 யூனிட். மிச்சம் வெறும் 150. சதுர மீட்டருக்கு 100 யூனிட் விழுங்கும் பழைய வீடாக இருந்தால், அதே கணக்கில் 1,000 யூனிட் மிஞ்சும். போதாக்குறைக்கு, நன்கு காப்பிட்ட வீட்டுக்கு வெப்பம் தேவைப்படுவது பெரும்பாலும் வெயில் மிகக் குறைந்த டிசம்பர், ஜனவரி மாதங்களில்தான்.

கனடாவின் கியூபெக் மாகாணத்து ஈஸ்ட்மன் ஊரில் 2007-இல் எழுந்த எக்கோடெர்ரா வீட்டில் பம்பு நிலத்திலிருந்து வெப்பம் எடுக்கிறது. கூரையின் சூரியத் தகடுகளுக்கு அடியில் சூடாகும் காற்றோ, கான்கிரீட் தளத்தைச் சூடேற்றவும், குழாய் நீரை முன்கூட்டியே வெதுவெதுப்பாக்கவும், துணி உலர்த்தவும் பயன்படுகிறது. எனக்கு இந்தப் பிரிவினை பிடித்திருக்கிறது.

ஆகவே முதல் பணத்தைக் காப்புக்கும் காற்றுக்கசிவை அடைப்பதற்கும், அடுத்ததை 35 பாகை நீரிலேயே இயங்கும் தரைவழிச் சூடேற்றத்துக்கும் ஒதுக்குங்கள். ஆண்டு முழுதும் தேவைப்படும் வெந்நீருக்குச் சூரியன் உதவும் என்றால் மட்டும் சேகரிப்பானைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வடிவமைப்பாளரிடம் மாதவாரியான மின்கணக்கைக் கேளுங்கள். சுழற்சிப் பம்புகளும் விசிறிகளும் இழுக்கும் மின்சாரமும் அதில் சேர்ந்திருக்க வேண்டும்.