முதல் ரெண்டு நிமிஷம்: மலையில் எடுத்த ஒரு மாணவர் படத்தின் தொடக்கம் பற்றிக் கேள்வி பதில்

நான் கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியில், அதாவது படகர் கிராமத்தில், வளர்ந்தவள். இப்போது எடிட்டிங் வேலை. கல்லூரிக் கடைசி வருஷத்தில் ஐந்து பேர் சேர்ந்து 12 நிமிஷக் குறும்படம் ஒன்று எடுத்தோம். சிறு தேயிலை விவசாயி வீட்டுப் பெண் ஒருத்தி, இலை எடை போடும் இடத்தில் சொல்லப்படும் எடையையும் தராசு காட்டிய எடையையும் ஒரு நோட்டில் தனித்தனியாகக் குறித்து வைக்கிறாள். கதை அவ்வளவுதான். அதன் தொடக்கக் காட்சியை மட்டும் மூன்று முறை மாற்றினோம். அதைப் பற்றி நீலகிரியிலும் கொடைக்கானலிலும் படம் எடுக்கும் பிள்ளைகள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

கேள்வி (குன்னூர், மாணவி): அக்கா, ஏன் மூன்று முறை மாற்றினீர்கள்? முதலில் எடுத்ததில் என்ன கோளாறு?

பதில்: கோளாறு எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லையே, அதுதான் கோளாறு. முதல் வடிவம் 2 நிமிஷம் 20 விநாடி. விடிகாலை, பள்ளத்தாக்கில் பனிமூட்டம், தேயிலைச் சரிவு, வளைந்து போகும் ரயில், ஒரு மரக்கிளையில் நீர்த்துளி, மறுபடி பனிமூட்டம். ஒவ்வொரு ஷாட்டும் காலண்டரில் போடலாம் போல இருந்தது. எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

அதை எங்கள் ஹட்டிச் சமுதாயக் கூடத்தில் போட்டுக் காட்டினோம். பனிமூட்டம் ஓடிய நேரம் முழுக்க எல்லோரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். ஒரு பாட்டி பக்கத்தில் இருந்தவரிடம் முட்டைக்கோஸ் விலை கேட்டார். நியாயம்தானே? தினமும் கதவைத் திறந்தால் தெரிகிற மலையை எதற்குத் திரையில் பார்க்க வேண்டும்? நாலாவது நிமிஷத்தில் இலை எடை போடும் காட்சி வந்தது. தொங்கு தராசில் சாக்கை மாட்டுகிற கிணுக்கென்ற சத்தம். கூடமே அடங்கிவிட்டது. "இருபத்தி மூணு. ஈரம் ரெண்டு போச்சு, இருபத்தி ஒண்ணு" என்று இலை வாங்கும் ஏஜென்ட் சொன்னதும் பின்னாலிருந்து ஒருவர் "ரெண்டோட விட்டானே" என்றார். சிரிப்பு.

அன்று ராத்திரியே நாலாவது நிமிஷத்தைத் தூக்கி முன்னால் வைத்துப் பார்த்தோம். இது இரண்டாவது வடிவம். ஆனால் அதற்கு முன்னால் 40 விநாடி பனிமூட்டத்தை மட்டும் விடாமல் வைத்திருந்தோம். பாசம். மூன்றாவது வடிவத்தில் அதுவும் போனது. இப்போது படம் கறுப்புத் திரையில் தொடங்குகிறது. கொக்கிச் சத்தம், சாக்கு விழும் சத்தம், ஏஜென்ட் குரல். பிறகு ஒரு பெண்ணின் கை நோட்டில் 23 என்று எழுதுகிறது, 21 என்று இல்லை. அந்த இடத்தில் தலைப்பு. மொத்தம் 50 விநாடி, ஐந்து ஷாட்.

கேள்வி (ஊட்டி, மாணவர்): அப்படியானால் மலையைக் காட்டவே கூடாதா? ஊட்டியில் படம் எடுத்துவிட்டு ஊட்டியே தெரியாவிட்டால் எப்படி?

பதில்: காட்டலாம் தம்பி, யாராவது அதில் எதையாவது செய்துகொண்டிருக்கும்போது காட்டலாம். எங்கள் படத்திலும் மலை இருக்கிறது. அந்தப் பெண் சாக்கைத் தலையில் வைத்துப் படி ஏறும்போது பின்னால் தெரிகிறது. அவளுக்கு மூச்சு வாங்குவதால் அது ஏற்றம் என்று பார்ப்பவருக்குப் புரிகிறது. டிரோன் ஷாட்டில் சரிவு தெரியும், ஏற்றம் தெரியாது.

கேள்வி (கூடலூர், மாணவி): மிஸ்டில் எடுத்தால் எல்லாம் சாம்பலாக வருகிறது அக்கா. கேமராவில் எந்த செட்டிங்கை மாற்ற வேண்டும்?

பதில்: கேமராவின் ஒளி அளவி எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்றே எண்ணிக்கொள்ளும். வெள்ளையான பனிமூட்டத்தைக் காட்டினால் "அதிக வெளிச்சம்" என்று தானாக இருட்டாக்கிவிடும். அதனால் எக்ஸ்போஷரை, அதாவது பதிவாகும் வெளிச்சத்தை, முக்கால் ஸ்டாப்பிலிருந்து ஒரு ஸ்டாப் வரை கூட்டி வையுங்கள் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு). வெள்ளை வெறும் வெள்ளையாக வெந்துபோகாமல் ஹிஸ்டோகிராமில் (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளையை வெள்ளையாகக் காட்ட நிறத்தைச் சரிசெய்யும் வொயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாதீர்கள். 5600 கெல்வினில் பூட்டிவிட்டால், கொஞ்சம் நீலம் ஏறினாலும் எல்லா ஷாட்டிலும் ஒரே நீலமாக இருக்கும், பிறகு சரிசெய்யலாம். ஆட்டோவில் விட்டால் ஒரே ஷாட்டுக்குள் நிறம் மாறும். நான் இரண்டு ராத்திரி உட்கார்ந்தும் அதைச் சரிசெய்ய முடியவில்லை.

ஃபோகஸும் கையால்தான். பிடித்துக்கொள்ள விளிம்பு எதுவும் கிடைக்காமல் ஆட்டோ ஃபோகஸ் முன்னும் பின்னும் அலையும். போனில் எடுப்பவர்கள் திரையில் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும்.

இதைவிடப் பெரிய தொல்லை தொடர்ச்சி. பத்து மணிக்கு ஒன்றும் தெரியாது, பத்து இருபதுக்குப் பளிச்சென்று வெயில். ஒரே உரையாடலில் ஒருவர் பனியிலும் மற்றவர் வெயிலிலும் நிற்பார்கள். மூட்டம் இருக்கும்போதே தூர ஷாட்டுகளை முடித்துவிடுங்கள். குளோஸ்-அப்பை எப்போது வேண்டுமானாலும் ஒரு சுவர் ஓரமாக வைத்து ஏமாற்றிக்கொள்ளலாம்.

கேள்வி (கொடைக்கானல், மாணவர்): டிசம்பரில் விடிகாலை எடுத்தோம். அரை மணியில் பேட்டரி போய்விட்டது. அறைக்குள் வந்ததும் லென்ஸ் முழுக்க ஆவி.

பதில்: குளிரில் லித்தியம் பேட்டரி சீக்கிரம் ஓய்ந்துவிடும். மாற்று பேட்டரியை ஸ்வெட்டருக்குள், உடம்பு ஒட்டிய பையில் வையுங்கள். செத்துவிட்டதாக நினைத்த பேட்டரியும் சூடானால் கொஞ்சம் உயிர் பெறும். அறைக்குள் வருவதற்கு முன்பே, வெளியிலேயே கேமராவைப் பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கக் கட்டிவிடுங்கள். கேமரா அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறந்தால் ஈரம் பையின் மேல்தான் படிந்திருக்கும். அவசரத்தில் லென்ஸைக் கழற்றித் துடைக்காதீர்கள், ஈரம் உள்ளே போய்விடும்.

கேள்வி (அருவங்காடு, மாணவர்): உங்கள் முதல் வடிவத்தில் ரயில் ஷாட் இருந்தது என்றீர்களே, அதை ஏன் எடுத்தீர்கள்? எங்கள் படமே ரயிலில்தான் தொடங்குகிறது.

பதில்: அது ஒரு அவமானக் கதை. கேத்தி பக்கம் சாலையோரம் நின்று ரயிலை எடுத்தோம். ஒலி சரியாகப் பதிவாகவில்லை. காற்று அள்ளிக்கொண்டு போய்விட்டது. (மைக்குக்குப் பஞ்சு உறை மட்டும் மலையில் போதாது. முடிமுடியாக இருக்குமே, அந்த உறை வேண்டும்.) அதனால் நீராவி எஞ்சின் சத்தமும் பல்சக்கரம் கடகடக்கும் சத்தமும் வேறு எங்கிருந்தோ எடுத்து ஒட்டினோம். அற்புதமாக இருந்தது.

எங்களில் ஒருவனின் அப்பா ரயில்வேயில் இருந்தவர். பார்த்ததும் சிரித்துவிட்டார். பல்சக்கரத் தண்டவாளம் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில்தான், 12 அடி போனால் ஓரடி ஏறுகிற அந்தச் செங்குத்துக்குத்தான் அது. 1899இல் குன்னூர் வரை வந்த பாதை 1908இல் ஊட்டி வரை நீண்டது, அந்த மேல் பகுதியில் பல்சக்கரம் இல்லை. வழக்கமாக ஓடுவதும் டீசல் எஞ்சின். கேத்தியில் எங்கள் ரயில் டீசலில் ஓடிக்கொண்டு நீராவியில் கூவியது! மேட்டுப்பாளையத்துக்காரருக்குக்கூடத் தெரிந்திருக்கும், எங்களுக்குத் தெரியவில்லை.

நீங்கள் ரயிலில் தொடங்கினால் எந்த இடத்து ரயில் என்று முதலில் முடிவு செய்யுங்கள். குன்னூருக்குக் கீழே மேல்நோக்கி வரும் ரயிலில் எஞ்சின் பின்னால் நின்று தள்ளும், அதனால் முன்னால் புகை கக்கும் எஞ்சினை எதிர்பார்த்து கேமராவை வைக்காதீர்கள். ஸ்டேஷனுக்குள்ளோ தண்டவாளத்திலோ எடுப்பதானால் ரயில்வே அனுமதி வேண்டும். இன்னொன்று, கேத்தி பிளாட்பாரத்தைக் காட்டினாலே தமிழ் ரசிகருக்கு 'மூன்றாம் பிறை' படத்தின் முடிவுதான் கண்ணில் வரும். உங்கள் கதாநாயகி பாவம், அந்த ஞாபகத்தோடு போட்டி போட வேண்டியிருக்கும்.

கேள்வி (கோத்தகிரி, மாணவி): தொடக்கத்துக்கு உள்ளூர் இசை போடலாம் என்று நினைக்கிறோம். நல்லதுதானே?

பதில்: நல்லதுதான், ஆனால் கேட்டுவிட்டுப் போடுங்கள். இரண்டாவது வடிவத்தில் நாங்கள் நீலகிரிப் பழங்குடிகளான கோத்தரின் வாத்தியம் ஒன்று போட்டோம். யாரோ போனில் எடுத்து அனுப்பிய துண்டு. கொள் என்கிற அந்த ஊதுகுழலின் நாதம் பனிமூட்டத்துக்கு அப்படிப் பொருந்தியது. படம் பார்க்க வந்த ஒரு பெரியவர் முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பாப்பா, உன் படத்தில் யார் செத்தது?" என்று கேட்டார். கோத்தரிடம் தெய்வத்துக்கு வாசிக்கும் மெட்டு வேறு, ஆட்டத்துக்கு வேறு, சாவுக்கு வேறு. நாங்கள் போட்டது சாவு மெட்டு. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஊர்க்காரி என்று சொல்லிக்கொள்கிறேன், பக்கத்துக் கோக்காலில் (கோத்தர் ஊர்) என்ன வாசிக்கிறார்கள் என்று தெரியாது.

வாசிப்பவரிடமே நேரில் போய், படம் எதைப் பற்றி என்று சொல்லி, எது பொருந்தும், எதைப் பதிவு செய்யக் கூடாது என்று கேளுங்கள். பணமும் கொடுங்கள், டைட்டிலில் பெயரும் போடுங்கள். எங்கள் இப்போதைய தொடக்கத்தில் இசையே இல்லை.

கேள்வி (கோவை, மாணவர்): தமிழில் டைட்டில் போட்டால் எழுத்து சிதறுகிறது. என்ன செய்வது?

பதில்: எங்கள் தலைப்பில் "கொழுந்து" என்ற சொல் இருந்தது. கொம்பு ஒரு பக்கம், "க" ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று வந்தது. அடோபி பிரீமியரில் எழுதுபவர்கள் கிராஃபிக்ஸ் அமைப்பில் எழுத்து எஞ்சினைத் தெற்காசிய மொழிகளுக்கானதாக மாற்றினால் சரியாகும். யூனிகோட் எழுத்துருவையே பயன்படுத்துங்கள். அதுவும் சரிவராவிட்டால் வேறு மென்பொருளில் எழுதிப் படமாக்கி ஒட்டுங்கள், யாருக்கும் தெரியாது. எவ்வளவு நேரம் நிற்க வேண்டும்? சத்தமாக, நிதானமாக இரண்டு முறை படியுங்கள், அவ்வளவு நேரம். எழுதியவருக்கு அது எப்போதும் அதிகமாகத்தான் தோன்றும்.

கேள்வி (கோவை, அதே மாணவர்): டிரோன், இ-பாஸ்?

பதில்: 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் உண்டு, கொடைக்கானலுக்கும்தான். புறப்படும் முன்பே எடுத்துவிடுங்கள். டிரோனைக் காட்டுக்குள் எடுத்துப் போகாதீர்கள். வெலிங்டன் ராணுவப் பகுதி, அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை பக்கம் பையிலிருந்து வெளியே எடுக்கவும் எடுக்காதீர்கள்.

கேள்வி (ஊட்டி, ஓய்வு பெற்றவர்): நான் எச்பிஎஃப்பில், அதாவது ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையில், வேலை பார்த்தவன் அம்மா. அந்தக் காலத்தில் பிலிம் என்றால் ஒவ்வொரு அடிக்கும் கணக்கு. இப்போது பிள்ளைகள் இஷ்டத்துக்கு எடுக்கிறார்களே, அதனால்தான் இந்த மூன்று தடவை நான்கு தடவையோ?

பதில்: ஐயா, சரியாகப் பிடித்தீர்கள். அந்த ஆலை இருந்த இந்து நகரைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு நினைப்பு வரும், 1960இல் நிறுவப்பட்டு, எக்ஸ்ரே பிலிமும் கறுப்பு வெள்ளை பிலிமும் செய்த ஆலை நம் ஊரில் இருந்ததென்று வெளியூர்ப் பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

இரண்டு நிமிஷத் தொடக்கத்துக்காக நாங்கள் எடுத்து வைத்திருந்தது மூன்று மணி நேரத்துக்கு மேல். பாதியை நாங்களே பார்க்கவில்லை. 16 எம்.எம். பிலிமில் 100 அடிச் சுருள் என்றால் 2 நிமிஷம் 45 விநாடி சொச்சம்தான் ஓடும். நான் இப்போது வகுப்பெடுக்கப் போகும் இடங்களில் தொடக்கக் காட்சிக்கு இரண்டு சுருள் கணக்கு கொடுக்கிறேன், அதாவது ஐந்தரை நிமிஷம். அதற்கு மேல் பதிவு செய்தால் அழிக்க வேண்டும். பிள்ளைகள் திட்டுகிறார்கள். ஆனால் கேமராவை ஆன் செய்வதற்கு முன் நின்று பேசுகிறார்கள்.

கேள்வி (குன்னூர், மாணவி): நடிக்க வந்த பெண் கோவைக்காரி. அவளுக்கு இலை பறிக்க வரவில்லை. குளோஸ்-அப்பில் தெரியுமா?

பதில்: அப்பட்டமாகத் தெரியும். எங்களுக்கும் இதே கதை. ஒரு கையால், பூப்பறிப்பது போல, ஒவ்வொன்றாகக் கிள்ளினாள். இரண்டு இலை ஒரு மொட்டு என்று புத்தகத்தில் படித்ததை அப்படியே செய்தாள். பறிக்கத் தெரிந்தவர்களின் இரண்டு கையும் ஓடும், கண் அடுத்த செடியில் இருக்கும். நிறையத் தோட்டங்களில் இப்போது கையால் கிள்ளுவதில்லை, இலை வெட்டும் கத்தரிதான். கடைசியில் குளோஸ்-அப்புக்கு என் அம்மாவின் கையை எடுத்தோம். இலைச் சாறு பட்டுக் கறுத்த விரல் நுனியை மேக்கப்பில் கொண்டு வர முடியாது. சட்டைக் கை மட்டும் ஒத்துப்போக வேண்டும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மா ஒரே டேக்கில் முடித்துவிட்டு, "இதுக்கா இத்தனை பேரு?" என்று கேட்டார்.

எடை போடும் கொட்டகையில் எடுத்தால் ஷட்டர் வேகத்தை 50இல் ஒரு பங்கு விநாடி என்று வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதற்குப் பொருந்தாத வேகத்தில் டியூப் லைட் பட்டை பட்டையாக மினுக்கும். கிளம்புவதற்கு முன் யாரையும் பேசவிடாமல் ஒரு நிமிஷம் அந்த இடத்தின் சத்தத்தை மட்டும் பதிவு செய்யுங்கள். எங்கள் கறுப்புத் திரையைத் தாங்குவது அந்த ஒரு நிமிஷம்தான்.

கேள்வி (ஊட்டி, மாணவர்): தூக்கிப் போட்ட அந்த முதல் இரண்டு நிமிஷம் இப்போது எங்கே அக்கா? பார்க்கலாமா?

பதில்: சித்தப்பா மகளின் கல்யாண வீடியோவில் இருக்கிறது, பெயர்களுக்கு முன்னால். அங்கே கச்சிதமாகப் பொருந்திவிட்டது.