மலிவாக வரும் சாலிட் ஆக்சிலை வாங்கலாமா?

கேள்வி: என் நாலு சக்கர டிரைவ் பிக்கப்பில் முன்பக்கம் இன்டிபென்டன்ட் சஸ்பென்ஷன், அதாவது ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே ஏறி இறங்கும். வண்டியை உயர்த்திப் பெரிய டயர் போட்டபின், பாறைப் பாதையில் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கடத்தும் சி.வி. ஜாயின்ட் இரண்டு முறை உடைந்துவிட்டது. பழைய வண்டியிலிருந்து கழற்றிய டேனா 44 என்ற சாலிட் முன் ஆக்சில் (இரண்டு சக்கரத்தையும் ஒரே தண்டாக இணைப்பது) ஒன்று மலிவாக வருகிறது. வாங்கி மாற்றிவிடலாமா?

பதில்: விலை பேசுவதற்கு முன், அதன் டிஃபரன்ஷியல் (இரண்டு சக்கரத்துக்கும் விசையைப் பிரிக்கும் பல்சக்கரத் தொகுதி) எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். டேனா 44-இல் இரண்டு பக்கமும் உண்டு. உங்கள் வண்டியில் முன், பின் ஆக்சில்களுக்கு விசையைப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து முன் ஷாஃப்ட் வரும் பக்கமே இதுவும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கேஸையும் மாற்ற நேரிடும். மலிவு அங்கேயே போச்சு.

அப்புறம் பல் விகிதம். பின் ஆக்சில் 4.10, அதாவது பெரிய கிரௌன் சக்கரத்தில் 41 பல், அதைச் சுழற்றும் சின்னப் பினியனில் 10 என்றால் முன்னதும் அதேதான். விற்பவர் வாய்ச்சொல்லை நம்பாமல் மூடியைக் கழற்றச் சொல்லி எண்ணுங்கள். அப்படியே உள்ளே இருக்கும் ஆயிலை விரலில் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். வெளுத்துக் கலங்கியிருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. இரும்புச் செதில் தட்டுப்பட்டால் வேண்டவே வேண்டாம்.

உண்மையில் ஆக்சில் விலைதான் இதில் சின்னச் செலவு. பழைய சஸ்பென்ஷன் கைகளின் பிராக்கெட்டுகளை சேஸிஸிலிருந்து அறுத்தெடுத்து, பட்டை ஸ்பிரிங்குக்கோ காயில் ஸ்பிரிங்குக்கோ புதிதாக வெல்டிங் செய்ய வேண்டும். ரேக் ஸ்டீரிங் உதவாது, ஸ்டீரிங் பாக்ஸ் வைக்க வேண்டும். காயில் போட்டால் டிராக் லிங்க்கும் (ஸ்டீரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பி) பன்ஹார்ட் ராடும் (ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் கம்பி) இணையாக இருக்க வேண்டும். தவறினால் ஒவ்வொரு மேட்டிலும் ஸ்டீரிங் தானாகத் திரும்பும். கேஸ்டர் கோணம் (ஸ்டீரிங் அச்சின் முன்பின் சாய்வு), பிரேக் ஹோஸ் நீளம் என்று வேலை நீளும். உங்கள் பகுதியில் இந்த மாற்றத்துக்குப் பதிவு அனுமதி உண்டா, காப்பீடு செல்லுமா என்பதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

மெதுவாகப் பாறை ஏறுவதுதான் உங்கள் ஓட்டம் என்றால் செலவுக்குப் பலன் உண்டு. ஒரு சக்கரம் மேலே போனால் மறுசக்கரம் கீழே அழுந்தும், பிடி விடாது. வேகமாக மணலில் ஓட்டுபவருக்கு இது சுமை, வண்டி துள்ளும். முக்கால்வாசி தார்ச்சாலைதான் என்றால் உயரத்தைச் சற்றுக் குறையுங்கள். சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்டின் கோணம் தணிந்தாலே ஜாயின்ட் தாக்குப்பிடிக்கும்.

சரி, வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் நக்கிள் (சக்கரத்தோடு திரும்பும் முனைப்பகுதி), பிரேக் எல்லாம் சேர்த்து ஹப் முதல் ஹப் வரை முழுதாக வாங்குங்கள். வீல் போல்ட் அமைப்பு பின்பக்கத்தோடு பொருந்துகிறதா என்றும் பாருங்கள். பொருந்தாவிட்டால் இரண்டு ஸ்டெப்னி சுமக்க வேண்டிவரும்.